பிளாஸ்மா டிவியில் நிழல் படிந்ததா? வெள்ளைத்திரை போடாதீர்கள்

பிளாஸ்மா டிவி தயாரிப்பிலிருந்து பயோனியர் 2009-ல் விலகுவதாக அறிவித்தது. பானாசோனிக் 2013 டிசம்பரோடு பேனல் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டு சாம்சங்கும் எல்ஜியும் கடையை மூடின. ஆகவே இன்று கைக்கு வரும் பிளாஸ்மா எல்லாமே பழைய செட்தான், பேனல் போனால் மாற்றுப் பேனலும் புதிதாகக் கிடைக்காது. அப்படியும் பிளாஸ்மா காட்டும் அந்த ஆழமான கருப்பு நிறத்துக்காகத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு, செட் புதிதாக வந்த காலத்தில் எல்லோரும் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். ஒரே சேனலை நாள் முழுக்க வைக்கக் கூடாது என்பது தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுவோம்.

வெள்ளைத்திரை வைத்தியம்

செய்தி சேனல் நாலு மணி நேரம் ஓடியிருக்கிறது. பிறகு ஒரு படம் போட்டால், இருட்டுக் காட்சியில் மூலையில் லோகோவின் உரு மங்கலாக மிதக்கிறது. உடனே பதற்றம். யூடியூபில் ஒரு வெள்ளைத்திரை வீடியோவைத் தேடி எடுத்து, டைனமிக் மோடில் காண்ட்ராஸ்டை 100-க்கு ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்டுத் தூங்கப் போகிறார்கள். காலையில் உரு இருக்காது. வைத்தியம் பலித்துவிட்டதாக நினைத்து அடுத்த முறையும் இதையே செய்கிறார்கள். லோகோ இல்லாத சாதாரண வீடியோ ரெண்டு மூன்று மணி நேரம் ஓடியிருந்தாலும் அந்த உரு போயிருக்கும் என்று சொன்னால் நம்புவதில்லை. எத்தனை தடவை சொன்னாலும் எரிச்சல் தீராத தவறு இது.

இங்கே குழம்புவது இரண்டு வேறு விஷயங்கள். பிளாஸ்மா பேனலின் ஒவ்வொரு செல்லிலும், அதாவது நிறம் காட்டும் சின்ன அறையிலும், நியான், செனான் வாயு இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் வாயு புற ஊதா ஒளியை விடும், அது பாஸ்பர் பூச்சில் பட்டு நிறமாகும். ஒரே இடம் வெகுநேரம் பளிச்சென்று எரிந்தால், அந்தச் செல்களின் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு படலத்தின் தன்மையும் சூடும் கொஞ்ச நேரத்துக்கு மாறுகின்றன. செல் வழக்கத்தைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்கிறது. அதனால்தான் உரு தெரிகிறது. இது தற்காலிகம், தானாகவே அடங்கும். பர்ன்-இன் என்பது வேறு. அது பாஸ்பரே தேய்ந்துபோவது. நீல பாஸ்பர்தான் மற்ற இரண்டையும்விடச் சீக்கிரம் களைக்கும், எனவே தேய்ந்த இடத்தில் வெள்ளை கொஞ்சம் மஞ்சளடிக்கும்.

பிரித்தறிவது எளிது. அடர் சாம்பல் திரையில் உரு சுற்றியிருப்பதைவிட *வெளிச்சமாக* தெரிந்தால் பெரும்பாலும் தற்காலிகம். வெள்ளைத் திரையில் *மங்கி, பழுப்பேறி* தெரிந்து, ஒரு நாள் சாதாரணமாகப் பார்த்த பிறகும் மாறாவிட்டால் தேய்மானம்.

இனி வெள்ளைத்திரையின் கணக்கைப் பாருங்கள். திரை முழுக்க வெள்ளையானால் மின்சாரம் எல்லை மீறாமலிருக்க செட் தானே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். கருப்புப் பின்னணியில் ஒரு சின்ன வெள்ளை லோகோ எரியும் வெளிச்சம் முழுவெள்ளையில் வராது. பல நூறு மணி நேரம் முழு வேகத்தில் எரிந்த லோகோவை, அரை வேகத்தில் எரியும் வெள்ளைத்திரையால் எப்படிச் சமன் செய்வது? லோகோ இருந்த இடமும் கூடவே தேய்வதால் வித்தியாசம் அப்படியே நிற்கும், பேனல் மொத்தமும் கிழடாகும். பாதி வெளிச்சத்துக்கு இறங்க 60,000 மணி, 1,00,000 மணி என்று விளம்பரத்தில் போட்டார்களே, அதைச் சொல்லிச் சிலர் சமாதானம் அடைகிறார்கள். நிழல் தெரிய பாதி குறைய வேண்டியதில்லை. ஓரம் கூர்மையாக இருந்தால் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வித்தியாசமே கண்ணில் படும்.

செய்ய வேண்டியது இதுதான்: டைனமிக் மோடை விட்டு வெளியே வாருங்கள், காண்ட்ராஸ்டை நடுவாந்திரத்துக்கு இறக்குங்கள், படத்தை அவ்வப்போது இம்மியளவு நகர்த்தும் பிக்சல் ஆர்பிட்டரை ஆன் செய்யுங்கள், லோகோவோ கருப்புப் பட்டையோ இல்லாத, திரை நிறைந்து அசையும் எதையாவது ஓடவிடுங்கள். அப்படியும் பிடிவாதமாக நின்றால் பானாசோனிக் மெனுவில் உள்ள ஸ்க்ரோலிங் பாரை, அதாவது திரையில் நகரும் வெள்ளைப் பட்டையை, அரை மணி போடலாம். எல்ஜியில் 'ஐஎஸ்எம்' என்ற மெனுவுக்குள் ஒயிட் வாஷ் என்று வெள்ளைத்திரையே இருக்கிறது. அரை மணி போட்டால் தப்பில்லை. விடிய விடிய வேண்டாம். உண்மையான தேய்மானத்துக்கு மருந்து கிடையாது.

போர்டை மாற்றிவிட்டு வோல்டேஜைப் பார்க்காதது

பவர் சப்ளை போர்டு போய்விட்டது, வேறு செட்டிலிருந்து கழற்றிய போர்டைப் போட்டாயிற்று, படமும் வருகிறது. ஆனால் இருட்டுக் காட்சியில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் மின்னுகின்றன. பேனல் காலி என்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். பேனலின் பின்பக்க ஸ்டிக்கரை யாரும் படிப்பதில்லை. விஎஸ் (செல்லைத் தொடர்ந்து எரியவைப்பது), விஏ (எந்தச் செல் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது) என்று அந்தப் பேனலுக்கான வோல்டேஜ் அதில் அச்சாகியிருக்கும். விஎஸ் பொதுவாக 200 வோல்ட்டை ஒட்டியும் விஏ 60 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் எண் மாறும். போர்டில் உள்ள பிரீசெட் என்ற சின்னத் திருகைத் துளித்துளியாகத் திருப்பி, மல்டிமீட்டரில் ஸ்டிக்கர் எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குறைந்தால் செல்கள் ஒழுங்காகப் பற்றாமல் துடிக்கும். கூடினால் எரியக் கூடாத செல் எரியும், இரைச்சலும் ஏறும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் அந்த 200 வோல்ட் நிற்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரில் அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வீரத்தை வேறெங்காவது காட்டலாம்.

பக்கக் கருப்புப் பட்டை

பழைய சதுரப் படங்களைப் பார்த்தால் இரு பக்கமும் கருப்பு. பட்டைக்குள் பாஸ்பர் தேயாது, நடுவில் தேயும். பிறகு முழுத்திரையில் ஓரங்கள் மட்டும் புதுசாக மின்னும். பல செட்களின் மெனுவில் பக்கப் பட்டையைச் சாம்பலாக்கும் வசதி இருக்கிறது, அதற்காகத்தான் வைத்தார்கள்.

படுக்கவைத்து ஏற்றுவது

வண்டியில் செட்டை நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும்.

இயல்பைக் கோளாறென்பதும், கோளாறை இயல்பென்பதும்

வெள்ளைக் காட்சியில் மெல்லிய ரீங்காரம், ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்தால் இருட்டில் நெளியும் புள்ளிகள், இவை பிளாஸ்மாவின் சுபாவம். மலை ஊர்களில் ரீங்காரம் இன்னும் கூடும். பேனலுக்குள் வாயு அழுத்தம் வெளியைவிடக் குறைவு, மலையில் வெளி அழுத்தமும் குறைவதால் கண்ணாடியின் பிடிப்பு தளரும், அந்த உயரத்துக்கு இந்தக் கண்ணாடிகள் வடிவமைக்கப்பட்டவை அல்ல.

படத்தில் குறுக்கே பட்டையாக வெட்டு விழுந்தால் பார்க்க வேண்டியது ஒய் பஃபர் போர்டு, அதாவது படத்தின் கிடைவரிகளை இயக்கும் போர்டு. மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தால் நெடுவரிகளை இயக்கும் அட்ரஸ் பக்கம், பெரும்பாலும் பேனலோடு ஒட்டிய ரிப்பன். போர்டை மாற்றலாம், ரிப்பனைச் சரிசெய்வது அபூர்வம். எனவே நெடுங்கோடு விழுந்த செட்டை அரை விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

வாங்கப் போகும்போது பென் டிரைவில் ஆறு படங்கள் போதும்: சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, அடர் சாம்பல், கருப்பு. ஆன் செய்த உடனே பார்க்காதீர்கள். அரை மணி ஓடிச் சூடேறிய பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, நீலத்தில் மட்டும் கூடுதல் நேரம் நில்லுங்கள். விற்பவர் பார்த்த சேனலின் லோகோ இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.