வாடிய இலையின் ஒளிச்சேர்க்கையை வீட்டிலேயே சோதித்தறியும் முறை

கோடை வெயிலில் ஒரு செடி வளர்ச்சி குன்றி நிற்பதற்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் இருக்கலாம். நீரை இழந்துவிடாமலிருக்கச் செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்வதால், கரியமில வாயு உள்ளே வராமல் ஒளிச்சேர்க்கை தடைபட்டிருக்கலாம். அல்லது கடும் வெப்பத்தால் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் புரத அமைப்புகளே சிதைந்திருக்கலாம். ஷட்டரை இறக்கிவிட்ட மாவு மில்லும் மோட்டார் எரிந்துபோன மாவு மில்லும் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், இலையும் அப்படித்தான். முதல் நிலையில் தண்ணீர் கிடைத்தால் செடி மீண்டுவிடும். இரண்டாவது நிலையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த இலை உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. இவ்விரண்டையும் பிரித்தறிய, ஆய்வகக் கருவிகள் ஏதுமின்றிச் செய்யக்கூடிய இரு சோதனைகளை இங்கே விளக்குகிறேன். பள்ளி ஆசிரியர்களுக்கும் மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கும் இவை பயன்படும்.

முதலாவது, இலைவட்டு மிதப்புச் சோதனை. பாடநூல்களில் வழக்கமாக இடம்பெறும் ஹைட்ரில்லா சோதனையைவிட இதுவே மேலானது என்பது என் கருத்து. ஏனெனில் நீருக்குள்ளேயே வாழும் ஹைட்ரில்லாவிடம் வறட்சியைப் பற்றி நாம் எதுவும் கேட்க முடியாது. இதற்கு ஊசி நீக்கிய 10 மில்லி சிரிஞ்சு, காகிதத்தில் துளையிடும் பஞ்சிங் கருவி, சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி, இரண்டு கண்ணாடி டம்ளர்கள், ஓர் எல்இடி விளக்கு ஆகியவை போதும். இலைக்குப் பாலக்கீரை மிகவும் ஏற்றது. பூசணி போன்ற உரோமம் மிகுந்த இலைகளும் மெழுகுப் பூச்சுள்ள தடித்த இலைகளும் இச்சோதனைக்கு ஒத்துழைப்பதில்லை.

ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, அதில் கழுவும் திரவத்தை ஒரு துளி மட்டும் சேர்த்து, நுரை எழாதவாறு மெல்லக் கலக்க வேண்டும். நீரில் கரைந்த சோடாதான் இலைக்கு வேண்டிய கரியமில வாயுவைத் தருகிறது. பெரிய நரம்புகளைத் தவிர்த்து இலையிலிருந்து பத்து வட்டுகளை வெட்டியெடுத்துச் சிரிஞ்சுக்குள் போட்டு, வட்டுகள் நசுங்காதபடி உந்துதண்டை மெதுவாகச் செருகி, கரைசலைப் பாதியளவு உறிஞ்சிக்கொள்ள வேண்டும். பிறகு சிரிஞ்சின் முனையை விரலால் இறுக அடைத்து, உந்துதண்டைப் பின்னோக்கி இழுத்துப் பத்து விநாடி அப்படியே பிடித்திருந்தால், வட்டுகளின் ஓரங்களிலிருந்து நுண்குமிழ்கள் கசிவதைக் காணலாம். விரலை எடுத்தவுடன், இலையின் பஞ்சுத் திசுவில் காற்று இருந்த இடங்களுக்குள் கரைசல் புகுந்துவிடும். அப்போது வட்டின் நிறம் ஈரத்துணிபோல் கருத்து, அது அடியில் போய்ப் படிந்துவிடும். இரண்டு மூன்று முறை இழுத்தும் மூழ்காவிட்டால் புதிய வட்டுகளை எடுப்பதே நல்லது. மேலும் மேலும் இழுத்தால் செல்கள் சேதமடைகின்றன.

மூழ்கிய வட்டுகளைக் கரைசலோடு டம்ளரில் ஊற்றி, விளக்கை ஒரு சாணுக்கு மேலே வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை மிதப்பவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். குண்டு பல்பைத் தவிர்க்க வேண்டும், அதன் சூடு கணக்கைக் கெடுக்கும். சில நிமிடங்களில் வட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவுள்ள குமிழ்கள் ஒட்டும். வட்டு ஒரு பக்கமாக நிமிர்ந்து, விளிம்பில் சற்றே நின்று, பின் மேலெழும். அந்தக் குமிழ்கள் ஒளிச்சேர்க்கையில் வெளியான ஆக்சிஜன். நீரில் மூழ்கிய இலைகளின் பச்சைப் பகுதிகள் ஒளியில் மட்டுமே இவ்வாறு குமிழ்விடுகின்றன என்பதை டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் காட்டினார். அந்த ஆக்சிஜன் நீரிலிருந்தே வருகிறது என்பது 1941-இல் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு ரூபன், கேமன் குழுவினர் செய்த ஆய்வில் தெளிவாயிற்று.

பத்தில் ஐந்து வட்டுகள் மிதக்க ஆகும் நேரமே நமக்கு வேண்டிய அளவு. நேரம் குறைவாக இருந்தால் ஒளிச்சேர்க்கை விரைவாக நடக்கிறது என்று பொருள். இரண்டாவது டம்ளரில் சோடா கலக்காத நீரில் அதே இலையின் வட்டுகளை வைத்து ஒப்பிடாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. எல்லா வட்டுகளும் மிதந்தபின் டம்ளரைக் கறுப்புத் துணியால் மூடி, அவ்வப்போது துணியை விலக்கி மெல்லக் கலக்கிப் பார்த்தால், அவை ஒவ்வொன்றாக மீண்டும் மூழ்குவதும் தெரியும். இருளில் ஆக்சிஜன் உண்டாவது நின்றுவிடுகிறது, சுவாசமோ நிற்பதில்லை.

இனி வெப்பம், உப்பு, வறட்சி ஆகியவை செடிக்குத் தரும் நெருக்கடிக்கு வருவோம். வெப்பத்தைச் சோதிக்க, ஒரே செடியின் ஒரே வயதுடைய இலைகளை ஜிப் பைகளில் இட்டு, 30, 40, 45, 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி, அறை வெப்பநிலைக்கு வந்தபின் வட்டு வெட்ட வேண்டும். 40 டிகிரியைத் தாண்டும்போது மிதக்கும் நேரம் நீளத் தொடங்கும். 50 டிகிரியில் வைத்த வட்டுகள் பெரும்பாலும் எழுவதே இல்லை. பசுங்கணிகத்தில் ‘ஒளி அமைப்பு II’ எனப்படும் புரதத் தொகுப்பில் நீரைப் பிளக்கும் மாங்கனீசுக் கூட்டு வெப்பத்துக்கு மிக எளிதாக நிலைகுலையும் பகுதி என்பதே இதற்குக் காரணம். நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் கொண்ட அக்கூட்டு கலைந்துவிட்டால் ஆக்சிஜன் வராது. இலையின் பச்சை நிறமோ அப்போதும் மாறியிருக்காது. நிறத்தை வைத்து இலையின் நலத்தை மதிப்பிடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

உப்பைச் சோதிப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். சோதனைக் கரைசலிலேயே உப்பைக் கலந்தால் அதன் அடர்த்தி கூடி, வட்டுகள் அந்தக் காரணத்தாலேயே எளிதில் மிதக்கும். மாணவரோ உப்பு ஒளிச்சேர்க்கையைத் தூண்டுவதாக எழுதிவைப்பார். தொட்டிச் செடிக்குச் சில நாள் உப்புநீர் ஊற்றி, அதன் இலையை வழக்கமான சோடாக் கரைசலில் சோதிப்பதே சரியான முறை.

வறட்சியில்தான் இச்சோதனையின் எல்லை தெரிகிறது. தண்ணீர் விடாமல் வாடவிட்ட செடியின் இலையிலிருந்து வெட்டிய வட்டுகள் பல நேரங்களில் நன்றாகவே மிதக்கின்றன. இதனால் வறட்சி ஒளிச்சேர்க்கையைப் பாதிப்பதில்லை என்று முடிவு செய்துவிடக்கூடாது. சிரிஞ்சால் கரைசலை உள்ளே செலுத்தியதன் மூலம், மூடிக்கிடந்த இலைத்துளையைச் சுற்றிக்கொண்டு நாமே கரியமில வாயுவைச் செல்களுக்கு அருகில் சேர்த்துவிட்டோம். எனவே இச்சோதனை காட்டுவது உள்ளிருக்கும் இயந்திரத்தின் நிலையை மட்டுமே. இலைத்துளையின் நிலையை அறிய இரண்டாவது சோதனை வேண்டும்.

அதற்கு நிறமற்ற நெயில் பாலிஷ் போதும். இலை செடியிலேயே இருக்கும்போது அதன் அடிப்பக்கத்தில் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, நன்றாக உலர்ந்ததும் ஒளிபுகும் செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுத்துக் கண்ணாடிச் சில்லில் பதிக்க வேண்டும். இலையின் மேற்றோல் அப்படியே அச்சாக வந்திருக்கும். பள்ளி நுண்ணோக்கியிலோ காகிதத்தாலான ஃபோல்ட்ஸ்கோப்பிலோ பார்த்தால், அவரை விதைபோல வளைந்த இரு காப்புச் செல்களுக்கு நடுவே துளை திறந்திருக்கிறதா, வெறும் கோடாக ஒட்டியிருக்கிறதா என்பது தெரியும். இருபது துளைகளையாவது பார்த்து, திறந்தவை எத்தனை என்று எண்ண வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒன்றும் நண்பகலில் ஒன்றுமாக அச்செடுப்பது நல்லது. மண் காயும்போது செடியில் பெருகும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன், காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. அதைத் தொடர்ந்து நீரும் வெளியேற, விறைப்பு குறைந்து துளை மூடிக்கொள்கிறது.

இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். துளைகள் மூடியிருந்து வட்டுகள் விரைவாக மிதந்தால், செடிக்குத் தேவை தண்ணீர் மட்டுமே. அதிகாலையில் வேர்ப்பகுதி நனையும்படி ஊற்றி, மண்மீது சருகு மூடாக்குப் போட்டால் போதும். வட்டுகள் மிதக்கத் திணறினால் இலையின் உள்ளமைப்பே பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்; அதற்கு நிழல்வலை கட்ட வேண்டும். வாடியது என்று உரத்தை அள்ளிப் போடுவது இந்த நேரத்தில் செய்யக்கூடாத வேலை. கரைந்த உப்புகள் மண்ணில் கூடினால் வேர் நீரை உறிஞ்சுவது இன்னும் கடினமாகும். முதல் நிலையைக் கவனிக்காமல் விட்டால் அது இரண்டாவதில் போய் முடியக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. துளை மூடினால் நீராவிப்போக்கு நின்று, இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடுகிறது. அந்தச் சூட்டில், ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவைப் பற்ற வேண்டிய ரூபிஸ்கோ நொதி அதற்குப் பதிலாக ஆக்சிஜனைப் பற்றுவதும் கூடி, ஒளிச்சுவாசம் எனப்படும் இந்தச் செயலில் செடியின் உழைப்பு வீணாகிறது. சோளம், கரும்பு, முளைக்கீரை போன்ற சி4 தாவரங்கள் ரூபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயுவைச் செறிவாக்கி இந்த இழப்பைப் பெருமளவு தவிர்த்துக்கொள்கின்றன. கோடையில் பாலக்கீரை சுணங்கும்போது முளைக்கீரை தழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரணகள்ளி, கற்றாழை, பிரண்டை ஆகியவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவை பகலில் துளையை மூடி, இரவில் திறந்து, கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமிப்பவை. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் அப்புளிப்பு மறைவதையும் சுவைத்தறிந்து எழுதிய குறிப்பு 1815-இல் வெளியானது. சுவைக்க வேண்டியதில்லை, விடியற்காலையிலும் பிற்பகலிலும் இலைச் சாற்றில் பிஎச் தாளை நனைத்து நிறங்களை ஒப்பிட்டால் போதும். இச்செடிகளில் நெயில் பாலிஷ் அச்சை எடுப்பதானால் இரவில்தான் எடுக்க வேண்டும்.