தைராய்டு குறைவு உள்ளவர்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் அறிக்கை கைக்கு வந்ததும் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களைத்தான் முதலில் தேடுவார்கள். அதைவிட, டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் தைராய்டு ஹார்மோன், இனி டி4) ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகே வைட்டமின்களுக்கும் இரும்புச்சத்துக்கும் போவது நல்லது. முதல் இரண்டும் தைராய்டின் நிலையைச் சொல்பவை, மற்றவையோ தைராய்டு சீரான பின்னும் விடாத சோர்வுக்கு வேறு காரணம் உண்டா என்று தெரிந்துகொள்ள உதவுபவை.

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரப்பதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய அந்த ஏவல் வலுக்கும் என்பதால், இந்த எண் கூடியிருப்பதுதான் குறைபாட்டின் அடையாளம். வயது வந்தவர்களுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி அலகு வரை இயல்பு எனப் பல ஆய்வகங்கள் குறிப்பிடுகின்றன. முதியவர்களிடம் மேல் எல்லை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்குத் தனி எல்லைகள் உண்டு.

டி.எஸ்.எச். கூடி, டி4 குறைந்திருந்தால் குறைபாடு உறுதி. டி.எஸ்.எச். மட்டும் கூடி, டி4 இயல்பாக இருந்தால் அது மறைநிலைக் குறைபாடு. டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலும் மருந்து தொடங்கப்படும், அதற்குக் கீழே என்றால் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்து, வயது, அறிகுறிகள், கருத்தரிக்கும் எண்ணம், டி.பி.ஓ. எதிர்ப்பொருள் (தைராய்டின் நொதியைத் தாக்கும் எதிர்ப்பொருள்) ஆகியவற்றைக் கருதி மருத்துவர் முடிவெடுப்பார். அந்த எதிர்ப்பொருள் இருப்பது, உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயைச் சுட்டுகிறது. ஒருமுறை இருப்பது தெரிந்துவிட்டால், அதன் அளவை ஆண்டுதோறும் அளந்து கவலைப்படுவதில் பயனில்லை. டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயராமலே இருந்தால் கோளாறு பிட்யூட்டரியில் இருக்கக்கூடும், டி.எஸ்.எச். இயல்பு என்று ஆறுதலடைவது அங்கே ஆபத்தானது.

மருந்து எடுப்பவர்கள் காலக்கணக்கையும் கவனிக்க வேண்டும். தைராய்டு குறைவுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும் என்பதால், மருந்தளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்துச் சோதித்தால்தான் எண் நம்பத் தகுந்ததாக இருக்கும். டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பிற்பகலில் தாழும் இயல்புடையது. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்துக்கு டி4 சற்றே ஏறித் தெரியும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில், காலையில், அன்றைய மாத்திரைக்கு முன்பாக ரத்தம் கொடுப்பது ஒப்பிட வசதி. டி.எஸ்.எச். சென்ற முறை 2.1, இந்த முறை 2.8 என்பது போன்ற வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின் சில சோதனை முறைகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். மிக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இன்னும் நீண்ட இடைவெளி தேவைப்படலாம்.

வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை 25-ஹைட்ராக்ஸி என்ற வடிவத்தையே பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் பொதுவாகக் குறைபாடு எனக் கொள்வர். சில ஆய்வகங்கள் நானோமோல் கணக்கில் தரும். 20 நானோகிராம் அங்கே 50 ஆகும் என்பதால், அலகைப் பார்க்காமல் பழைய அறிக்கையோடு ஒப்பிடக் கூடாது.

பி12-ஐ அளப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஹாஷிமோட்டோ நோயுள்ள சிலருக்கு இரைப்பையையும் நோயெதிர்ப்பு மண்டலம் தாக்கி, பி12 உட்கிரகிப்பைக் கெடுத்துவிடும். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு எனலாம். 200-க்கும் 300-க்கும் இடைப்பட்டது ஐயத்துக்குரியது, மெத்தில்மலோனிக் அமிலச் சோதனை அதைத் தெளிவாக்கும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம்.

இரும்புச்சத்துக்கு ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள். சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதிக்கும் இரும்பு தேவை. ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். கொலஸ்ட்ரால் கூடியிருந்தால், அதற்குத் தைராய்டு குறைவே காரணமாக இருக்கலாம், டி.எஸ்.எச். சீரானதும் மீண்டும் அளந்து பார்ப்பது முறை.

குறை தெரிந்து இரும்பு அல்லது கால்சியம் மாத்திரை தொடங்கினால், லெவோதைராக்சினுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாக உடலில் சேராது. அடுத்த அறிக்கையில் டி.எஸ்.எச். எதிர்பாராமல் ஏறியிருந்தால், மருந்தளவைக் கூட்டும் முன் எந்தெந்த மாத்திரையை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.