கோடை லீவுல உப்பு அள்ளப் போறது எப்படி: திருச்சி டு வேதாரண்யம், சைக்கிள்ல

எனக்கு வெயில் பிடிக்கும். இத வெளிய சொன்னா எங்க வீட்லயே ஒரு மாதிரி பாக்குறாங்க, ஆனா நுங்கு, மாங்கா, மொட்டமாடி வத்தல், வத்திப்போன ஆத்து மணல்ல கிரிக்கெட், காலேஜ் லீவுன்னு நல்லது பூரா அந்த ரெண்டு மாசத்துலதான இருக்கு. இன்னொன்னும் சொல்லிடுறேன், எனக்கு நாட்டுப்பற்றும் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ஆகஸ்ட் 15 அன்னைக்கு கொடி ஏத்தி மிட்டாய் குடுத்து 9 மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிடுறாங்க, எனக்கு அது பத்தல. ரெண்டையும் சேத்து செய்யுற மாதிரி ஒரு விஷயம் நம்ம ஊர்லயே இருக்குன்னு போன வருஷம்தான் உறைச்சுது, மாமா பையன கூட்டிக்கிட்டு சைக்கிள்ல போயிட்டும் வந்தாச்சு. நீங்களும் போகணும்னா எப்படின்னு எழுதுறேன்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1930 ஏப்ரல் 6ம் தேதி காந்தி தண்டில உப்பு அள்ளுனாரு, அது எல்லாருக்கும் தெரியும். அதே மாசம் 13ம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பு அன்னைக்கு, ராஜாஜி தலைமைல சுமார் 100 பேர் திருச்சில டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்லேர்ந்து நடக்க ஆரம்பிச்சாங்க. ஏப்ரல் 13 ஜாலியன்வாலாபாக் நடந்த தேதியும் கூட. 28ம் தேதி வேதாரண்யம் வந்து சேந்தாங்க, 30ம் தேதி பக்கத்துல இருக்கிற அகஸ்தியம்பள்ளில உப்பு எடுத்தாங்க, ராஜாஜிய அங்கயே கைது பண்ணிட்டாங்க. கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர், கால்நடையா, சித்திரை வெயில்ல. ராஜாஜிக்கு அப்ப 51 வயசு. நான் 20 வயசுல கியர் சைக்கிள்ல போயே நாக்கு தள்ளிடுச்சு.

எப்ப போறதுன்னா ஏப்ரல் கடைசிதான். மே 4 வாக்குல அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சிடும், அதுக்கு முன்னாடி முடிச்சிடுறது உடம்புக்கு நல்லது. இன்னொரு காரணமும் இருக்கு, வருஷா வருஷம் ஏப்ரல் 30 அகஸ்தியம்பள்ளில நினைவு நிகழ்ச்சி நடக்கும், திருச்சிலேர்ந்து பாதயாத்திரையாவே வர்றவங்க இருக்காங்க, நினைவுத்தூண் பக்கத்துல உப்பு அள்ளுவாங்க. குளிர்ல போலாமேன்னு ஒரு பிரண்டு கேட்டான். டிசம்பர்ல போனா அங்க பாக்க உப்பே இருக்காதுடா, மழை பேஞ்சு உப்பளம் பூரா தண்ணி நிக்கும். உப்பு விளையுறது வெயில்லதான். அதனால இந்தப் போராட்டத்த ஐப்பசி கார்த்திகைல யாரும் நடத்தியிருக்கவே முடியாது, இத யோசிச்சப்ப வெயில் மேல இருந்த மரியாத எனக்கு இன்னும் கூடிடுச்சு.

ரூட் சொல்றேன். திருச்சி, ஸ்ரீரங்கம், கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. இது முதல் நாள், அறுபது கிலோமீட்டருக்கு பக்கத்துல வரும். ரெண்டாவது நாள் தஞ்சாவூர் வழியா கும்பகோணம். மூணாவது நாள் வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, இது கம்மி தூரம்தான் ஆனா எனக்கு அன்னைக்குதான் ஏழரை, அத அப்புறம் சொல்றேன். நாலாவது நாள் திருத்துறைப்பூண்டி வழியா வேதாரண்யம், அறுபத்தஞ்சு கிலோமீட்டர் கிட்ட, அதுவும் மதியத்துக்கு மேல கடக்காத்து எதுத்தாப்ல அடிக்கும், பெடல் மிதிச்சா வண்டி நின்ன எடத்துலயே நிக்கிற மாதிரி இருக்கும், அதனால அன்னைக்கு மட்டும் இருட்டோட கிளம்பிடுங்க. அவங்க 15 நாள்ல நடந்தத நாம நாலு நாள்ல முடிக்கிறோம், ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர்னு அவங்க கணக்கு வரும்.

ஓட்டுறது காலைல 5லேர்ந்து 10, சாயந்திரம் 4லேர்ந்து இருட்டுற வரைக்கும். நடுவுல மரத்தடி, கோயில் மண்டபம், ஆத்தங்கர, எங்கயாவது துண்ட விரிச்சு படுத்துருங்க. வெயில் பிடிக்கும்னு சொல்றவன் மதியம் 1 மணிக்கு வண்டி ஓட்டணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல.

கோவிலடி பக்கம் போறப்ப கொஞ்சம் நின்னு ஆத்த பாருங்க. அப்போ தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன், இந்த தொண்டர்களுக்கு சோறு போட்டாலோ தங்க எடம் குடுத்தாலோ ஜெயில், அபராதம்னு அறிவிச்சிட்டாரு. நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா, சோத்துப் பொட்டலத்த ரோட்டோர மரக்கிளைல கட்டித் தொங்கவிட்டுட்டு போயிட்டாங்க, ஆத்தங்கர மணல்ல பானையோட சோத்த பொதச்சு வெச்சிட்டு அடையாளம் மட்டும் சொன்னாங்கன்னு சொல்லுவாங்க. யாரு குடுத்தான்னு கேட்டா மரம் குடுத்துச்சுன்னு சொல்லிக்கலாம்ல. காவேரில வெள்ளம் போயிருந்தா மணல்ல எங்க பொதைக்கிறது, கோடைல ஆறு வத்திக் கெடந்ததாலதான் அது முடிஞ்சுது, இது என் சொந்தக் கணக்கு. கும்பகோணத்துல பந்துலு ஐயர்னு ஒருத்தர் ஒளிச்சு மறச்செல்லாம் இல்லாம வீட்டுக்கே கூப்ட்டு சோறு போட்டாரு, அதுக்காக ஜெயிலுக்கும் போனாரு. ஒருத்தருக்கு சாப்பாடு போட்டதுக்கு ஜெயில். டிகிரி காபி குடிச்சிக்கிட்டே இத மாமா பையன் கிட்ட சொன்னேன், அவன் ரொம்ப நேரம் பேசல. திருவையாத்துல அசோகா அல்வா சாப்பிடாம வந்தோம்னு அப்புறம் வருத்தப்பட்டோம், நீங்க அந்தத் தப்ப பண்ணாதீங்க.

எடுத்துட்டு போக வேண்டியது: ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி, ஒரு காட்டன் துண்டு, தொப்பி, பஞ்சர் கிட், ஒரு டியூப் எக்ஸ்ட்ரா, வெளிர் கலர்ல முழுக்கை சட்ட, சக்கர, அப்புறம் உப்பு. உப்பத்தான் நான் விட்டுட்டேன். உப்பு எடுக்கப் போறவன் கைல உப்பு இல்ல, இத விட ஒரு காமெடி இருக்குமா. மூணாவது நாள் நீடாமங்கலம் தாண்டுறதுக்குள்ள தண்ணியா குடிச்சு குடிச்சு வேர்த்து ஊத்தி, சட்டைல வெள்ள வெள்ளயா கோடு விழுந்திருந்துச்சு, அது உடம்புலேர்ந்து போன உப்புன்னு அப்ப தெரியல. ரெண்டு காலு கெண்டச்சதையும் இழுத்துப் புடிச்சு ரோட்டோரமா உக்காந்துட்டேன். பக்கத்துல பொட்டிக்கட வெச்சிருந்த அக்கா பாத்துட்டு, ஏந்தம்பி வெறுந்தண்ணியவா குடிச்சுக்கிட்டு வந்தேன்னு திட்டிட்டு, மோர்ல கை நிறைய உப்பப் போட்டு குடுத்தாங்க, கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு, ரெண்டு சொம்பு குடிச்சேன், அர மணி நேரத்துல எந்திரிச்சு நின்னேன். காசு வாங்கிக்கல. புக்குல உப்பு வரின்னு படிச்சப்ப இதுக்குப் போயா இவ்ளோ பெரிய போராட்டம்னு மனசுக்குள்ள நெனச்சவன் நான். வெயில்ல நாள் பூரா வேல செஞ்சு வேர்க்கிற ஆளு கிட்ட உப்புக்கு வரின்னு கேட்டா அவனுக்கு எப்படி எரியும்னு அந்த ரோட்டோரத்துல கால நீட்டி உக்காந்திருந்தப்பதான் புரிஞ்சுது.

அதனால கலக்குற அளவு எழுதிக்கோங்க, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு அர டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சக்கர, ரெண்டுமே தல தட்டின அளவு. மெடிக்கல்ல ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கினாலும் சரி. தல சுத்தி, வேர்வ நின்னு, உடம்பு கொதிச்சா ட்ரிப்ப அதோட நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, வீரம் காட்டாதீங்க.

கொடி விஷயம். மாமா பையன் ஹேண்டில்பார்ல பெரிய கொடி கட்டணும்னான், வேண்டாம்னு சொல்லிட்டேன். கார்ல கொடி பறக்க விடுறதுக்கு குறிப்பிட்ட பதவில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் உரிமை, சைக்கிள்ல கட்டுனா தூசி பட்டு, கிழிஞ்சு, எங்கயோ விழுந்து, நாலு நாள்ல அது என்ன கதி ஆகும்னு யோசிங்க. ஒரு சின்ன துணிக்கொடிய மடிச்சு பைக்குள்ள வெச்சு நினைவுத்தூண் கிட்ட மட்டும் கைல பிடிச்சோம், போதும்.

வேதாரண்யத்துல ஒரு முழு நாள் இருங்க. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகுன்னு சொல்லுவாங்கல்ல, அந்தக் கோயில் இருக்கு, அப்பர் பாடி கதவு தொறந்துச்சு, சம்பந்தர் பாடி மூடுச்சுன்னு சொல்ற கோயில். அத பாத்துட்டு வைரப்பன் நினைவுத்தூண் எங்கன்னு கேளுங்க. முடிதிருத்துற தொழிலாளி அவரு. பாதி சவரம் பண்ணிட்டு இருக்கும்போதுதான் உக்காந்திருக்கிறவன் போலீஸ்னு தெரிஞ்சுச்சாம், மீதிய செய்ய மாட்டேன்னு கத்திய கீழ வெச்சிட்டாரு. கேஸ் ஆகி மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தி மீதிய முடின்னு சொன்னப்ப, வேணும்னா நீங்களே பண்ணி விட்டுக்கோங்கன்னு சொன்னாருன்னு ஊர்ல சொல்றாங்க. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் ரொம்பப் பிடிச்ச ஆள் இவருதான். சர்தார் வேதரத்தினம் பிள்ளை பேரும் ஊர் பூரா கேக்கும், போராட்டத்துக்கு எல்லா ஏற்பாடும் செஞ்சு குடுத்தவரு, அதுல சொத்தையும் இழந்தாரு, 1946ல பொண்ணுங்க படிக்க கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் ஆரம்பிச்சாரு, அது இன்னைக்கும் இருக்கு. காமராஜர் முதல் தடவ ஜெயிலுக்குப் போனதும் இந்தப் போராட்டத்துலதான், அப்ப அவருக்கு 26 வயசு.

உப்பளத்துக்கு விடியக்காலைலயே போயிடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள பாதி வேல முடிஞ்சிடும், நீங்க 9 மணிக்கு செல்ஃபி எடுக்கப் போனா அவங்க வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பாங்க. கேக்காம பாத்திக்குள்ள கால் வெக்காதீங்க, செருப்பு மண்ணு உப்புல கலந்தா அது அழுக்கு உப்பு, வெல போகாது. நாங்க பேசிக்கிட்டிருந்த அண்ணன் ஒருத்தர் தண்ணில உப்பு எவ்ளோ ஏறியிருக்குன்னு டிகிரி கணக்குல பாக்குற மீட்டர காட்டுனாரு, கண்ணாடிக் குழா மாதிரி, தண்ணில மெதக்கும். பாத்தி பாத்தியா தண்ணிய மாத்தி மாத்தி காய விடுறாங்க, 25 டிகிரி கிட்ட வந்தா உப்பு பூக்க ஆரம்பிக்கும், ரொம்ப முத்த விட்டா கசப்பு ஏறிடும், அதுக்குள்ள வாரிடணும். வெறுங்கால்ல நின்னு வேல பாக்குறாங்க, பாதம் பூரா வெடிப்பு, வெள்ள உப்புல பட்டு வர்ற வெளிச்சம் கண்ண கூசுது. கோடை மழ வந்தா நமக்கெல்லாம் குளுகுளுன்னு இருக்கும்ல, அவங்களுக்கு மொத்த உப்பும் கரஞ்சு போயிடும், மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வெயில் பிடிக்கும்னு நான் பெருமையா சொன்னத கேட்டு அந்த அண்ணன் சிரிச்சாரு, எங்களுக்கும் பிடிக்கும் தம்பி, பிடிக்காம என்ன பண்றதுன்னாரு.

போக முடியாதவங்க வீட்லயே ஒண்ணு பண்ணலாம். ஒரு லிட்டர் கடல் தண்ணிய துணில வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தட்டுல ஊத்தி மொட்டமாடில வைங்க, மேல வலத்துணி போட்டு. நல்ல வெயில் அடிச்சா ரெண்டு மூணு நாள்ல பத்துல ஒரு பங்கா வத்தும்போது ஓரத்துல கட்டம் கட்டமா உப்பு பூக்கும். கடைசில மிஞ்சுற கொஞ்சம் தண்ணிய ஊத்திடுங்க, அதுலதான் கசப்பு இருக்கு. லிட்டருக்கு 35 கிராம் வரைக்கும்தான் உப்பு இருக்கும், ஒரு கைப்பிடி கூட தேறாது. பீச் தண்ணில என்னென்னமோ கலந்திருக்கும், அதனால சாப்பிட வேண்டாம், பாத்து சந்தோஷப்பட்டுக்கோங்க.

டைம் இருந்தா கோடியக்கரை வரைக்கும் ஒரு மிதி மிதிச்சிடுங்க, வெளிமான், காட்டுக்குதிர ரெண்டும் பாக்கலாம், சீசன் ஆரம்பிச்சிருந்தா ரோட்டோரமா பாலாப்பழம் விப்பாங்க, வாய்ல பால் ஒட்டும் ஆனா செம இனிப்பு.

திரும்பி வர்றதுக்கு சைக்கிள் மிதிக்கணும்னு இல்ல. அகஸ்தியம்பள்ளி டு திருத்துறைப்பூண்டி ரயில் 2023 ஏப்ரல்லேர்ந்து மறுபடி ஓடுது, அங்கேர்ந்து திருவாரூர் வழியா தஞ்சாவூர், திருச்சி வந்துடலாம். தினமும் ஓடுதா, சைக்கிள ஏத்த விடுவாங்களான்னு ஸ்டேஷன்ல முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க, நாங்க கேக்காம போயி திருத்துறைப்பூண்டி வரைக்கும் மினி லாரி ஒண்ணுல தொத்திக்கிட்டு வந்தோம். அந்த அண்ணன் குடுத்த உப்ப பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வந்தேன், வீட்டுக்கு வர்றதுக்குள்ள பேப்பர் ஊறி பையெல்லாம் ஈரம், பாதி உப்பு என் டீஷர்ட்ல. நீங்க மூடி போட்ட டப்பா எடுத்துட்டுப் போங்க. மிஞ்சுனத அம்மா மாங்காய்க்கு போட்டாங்க, ஊறுகா ஜாடி இன்னும் பாதி இருக்கு.