அலுவலகத்தில் மின்வண்டி சார்ஜிங்: பட்ஜெட் போடுவது எப்படி?

எங்கள் நிறுவனம் கோவையில் இருக்கிறது. நூற்று நாற்பது பேர், ஒரே ஷிப்ட், காலை 9 முதல் மாலை 5.30 வரை. ஒருநாள், ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிவந்து மேசைக்கு அடியில் சார்ஜ் போட்டிருந்த ஒருவர் பிடிபட்டார். பக்கத்திலேயே காகிதக் கட்டுகள். மறுநாள் காலையில், "பார்க்கிங்கில் சார்ஜிங் வசதி செய்ய எவ்வளவு ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்" என்ற உத்தரவு கணக்குப் பிரிவில் இருக்கும் என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு மின்சாரம் தெரியாது; மின்கட்டணம் கட்டத்தான் தெரியும்.

எல்லோரும் செய்யும் தவற்றை நானும் செய்தேன். சார்ஜர் விற்பவர்களிடம் விலைப்புள்ளி கேட்டேன். முதலில் வந்தது 30 கிலோவாட் டி.சி. (நேர்மின்) வேகச் சார்ஜருக்கு. பல லட்சம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "கேபிள், எர்த், கட்டட வேலை வாடிக்கையாளர் பொறுப்பு" என்று இருந்தது. அன்றுதான் சார்ஜரிலிருந்து தொடங்கக்கூடாது, வண்டியிலிருந்து தொடங்கவேண்டும் என்று புரிந்தது. கீழே இருப்பது அந்த வரிசை. எண்கள் எல்லாம் எங்கள் கணக்கை ஒட்டி நான் தோராயமாக்கியவை. அந்த இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: வண்டிகளை எண்ணுங்கள்

ஒரு படிவம் போதும். கேள்விகள் நான்கு: இப்போது மின்வண்டி இருக்கிறதா, இரண்டு ஆண்டுக்குள் வாங்கும் எண்ணம் உண்டா, வீட்டிலிருந்து அலுவலகம் எத்தனை கிலோமீட்டர், வீட்டில் சார்ஜ் போட வழி இருக்கிறதா.

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சொந்த வீட்டில் இருப்பவருக்கு அலுவலக சார்ஜிங் ஒரு வசதி. வாடகைக்கு இரண்டாம் மாடியில் இருந்துகொண்டு, கீழே ஒரு பிளக் பாயிண்டுக்கு வீட்டுக்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருப்பவருக்கு அதுதான் வழி. பேட்டரியை மாடிக்குத் தூக்கிவந்தவரும் அப்படிப்பட்டவர்தான்.

ஒப்பந்தப் பணியாளர்களையும் காவலாளிகளையும் கேளுங்கள். எங்கள் முதல் பட்டியலில் அவர்களை மறந்துவிட்டோம். மூன்று ஸ்கூட்டர்கள் விடுபட்டன. கடைசியில் கிடைத்த கணக்கு: இப்போது 22 ஸ்கூட்டர், 3 கார். இரண்டு ஆண்டில் 37 ஸ்கூட்டர், 6 கார்.

படி 2: எத்தனை யூனிட், எத்தனை கிலோவாட்

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பட்ஜெட் முழுவதும் தவறாகிவிடும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பது யூனிட். குழாய் எவ்வளவு பெரியது என்பது கிலோவாட். மாதாந்திரச் செலவை யூனிட் தீர்மானிக்கும். கேபிளின் பருமனையும் மின்வாரிய அனுமதியையும் கிலோவாட் தீர்மானிக்கும்.

ஒரு மின் ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடும். போக வர 30 கிலோமீட்டர் என்றால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து நாளுக்கு 1.2 யூனிட். கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடும் என்று வையுங்கள். போக வர 40 கிலோமீட்டருக்கு 6.5 யூனிட். எங்கள் 22 ஸ்கூட்டருக்கு 26.4, 3 காருக்கு 19.5. நாளுக்கு 46 யூனிட்.

அடுத்து, யாருமே தினமும் சார்ஜ் போடத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று யூனிட் அளவு பேட்டரி உள்ள ஸ்கூட்டர் மூன்று நாள் ஓடும். முதலில் வந்த டாடா நெக்ஸான் மின்காரில்கூட 30.2 யூனிட் பேட்டரி. அது நான்கைந்து நாள் தாங்கும். எனவே, மூன்று நாளைக்கு ஒருமுறை என்று முறை வைத்தால், 37 ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 12 பாயிண்டும், 6 காருக்கு 2 பாயிண்டும் போதும். 43 வண்டிக்கு 43 பாயிண்ட் என்று எழுதியிருந்த என் முதல் வரைவைக் கிழித்தது இந்த இடத்தில்தான்.

படி 3: சார்ஜர் வகை

சந்தையில் மூன்று வகைகள் உண்டு. 15 ஆம்பியர் பாயிண்ட் அல்லது 3.3 கிலோவாட் சார்ஜர். சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் ஏ.சி. (மாறுமின்) சார்ஜர், 15 கிலோவாட்டிலிருந்து மேலே போகும் டி.சி. வேகச் சார்ஜர்.

அலுவலகத்தில் வண்டி எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. 3.3 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் என்றால் 26 யூனிட். மூன்று நாள் ஓடிய காருக்கு வேண்டியது 19.5. ஆறு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஸ்கூட்டரோடு வரும் சார்ஜர்கள் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவாகவே இழுப்பவை, 0.8 என்று வைத்தால், மூன்று நாளுக்கான 3.6 யூனிட் ஏற நான்கரை மணி நேரம். மதிய உணவு முடிந்து வரும்போது ஏறக்குறைய முடிந்திருக்கும்.

வேகச் சார்ஜர் நெடுஞ்சாலைக்கு உரியது. அலுவலகத்தில் அதை வைத்தால் ஒரு மணி நேரத்தில் கார் நிறைந்துவிடும், காரின் உரிமையாளர் கூட்டத்தில் இருப்பார், அடுத்தவர் காத்திருப்பார். நாளெல்லாம் டாக்சி ஓடும் நிறுவனம், டெலிவரி வண்டி வைத்திருப்பவர்கள் தவிர மற்றவர்களுக்கு அது வீண் ஆடம்பரம் என்பது என் கருத்து.

மலிவான மூன்று முனை சாக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். இஸ்திரிப் பெட்டி அரை மணி நேரம் ஓடும். கார் ஆறு மணி நேரம் தொடர்ந்து இழுக்கும். சாக்கெட் உருகுவது அப்படித்தான். காருக்குச் சுவரில் மாட்டும் தனி 3.3 கிலோவாட் சார்ஜர், ஸ்கூட்டருக்கு மூடியுள்ள தரமான 16 ஆம்பியர் சாக்கெட், ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இதில் பேரம் வேண்டாம்.

படி 4: மின்கட்டணப் பட்டியலை எடுங்கள்

12 ஸ்கூட்டர் ஒரே நேரத்தில் 9.6 கிலோவாட், 2 கார் 6.6. மொத்தம் 16.2 கிலோவாட். இது உங்கள் இணைப்பில் அடங்குமா?

பட்டியலில் அனுமதிக்கப்பட்ட மின்பளு (நீங்கள் ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய கிலோவாட்) என்று ஓர் எண்ணும், அந்த மாதம் பதிவான அதிகபட்சத் தேவை (உண்மையில் இழுத்த உச்சம்) என்று ஓர் எண்ணும் இருக்கும். 12 மாதப் பட்டியல்களையும் பாருங்கள். ஜனவரியில் பார்த்துவிட்டு "இடம் தாராளமாக இருக்கிறது" என்று நினைத்தால், ஏப்ரலில் எல்லா ஏ.சி.யும் ஓடும்போது மாட்டிக்கொள்வீர்கள். எங்களுக்கு அனுமதி 112 கிலோவாட். மே மாத உச்சம் 91. மிச்சம் 21. நெருக்கம்தான், ஆனால் அடங்கியது.

அடங்கவில்லை என்றால் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பம், வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் சேரும். டிரான்ஸ்பார்மரைத் தொடவேண்டி வந்தால் செலவும் மாதங்களும் கூடும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்த பிறகே கேபிளுக்குக் கையெழுத்துப் போடுங்கள். மின்வாகனச் சார்ஜிங்குக்கென்று தனி இணைப்பு எடுத்தால் என்ன கட்டணம் என்பதையும் அங்கேயே கேட்டு ஒப்பிடுங்கள்.

உயர் அழுத்த இணைப்பு உள்ள நிறுவனங்களுக்கு இரண்டு செய்திகள். தமிழ்நாட்டில் பதிவான தேவை குறைவாக இருந்தாலும், ஒப்பந்தத் தேவையில் (மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்ச அளவில்) 90 சதவீதத்துக்காவது கட்டணம் கட்டவேண்டும். உங்கள் உச்சம் அதற்கும் கீழே இருந்தால், பயன்படுத்தாத திறனுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சார்ஜிங் அந்த இடைவெளிக்குள் அடங்கினால் இந்தத் தேவைக் கட்டணம் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. மற்றொன்று, காலை உச்ச நேரக் கூடுதல் கட்டணம். எல்லோரும் வந்தவுடன் செருகுவார்கள். அது சரியாக உச்ச நேரத்தில் போய் விழும். பட்டியலில் உங்கள் உச்ச நேரத்தைப் பார்த்து, அது முடிந்தபின் மின்சாரம் வரும்படி, சார்ஜிங் பாயிண்டுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பகிர்வுப் பெட்டியில் ஒரு டைமர் வைத்துவிடுங்கள்.

கூரையில் சூரியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். வண்டி நிற்பதும் வெயில் அடிப்பதும் ஒரே நேரத்தில்தான்.

படி 5: நாடாவை எடுத்துக்கொண்டு நடங்கள்

மெயின் போர்டிலிருந்து பார்க்கிங் எவ்வளவு தூரம்? பட்ஜெட்டில் சார்ஜரின் விலையைவிட ஆட்டம் காட்டுவது இந்தத் தூரம்தான். எங்கள் ஸ்கூட்டர் கொட்டகை போர்டிலிருந்து 110 மீட்டர். மேலாளர்களின் கார் நிறுத்துமிடம் 60 மீட்டர். கேபிளுக்கு மீட்டருக்கு 450, பள்ளம் தோண்டி மூடிக் காங்கிரீட் போட மீட்டருக்கு 500. 50 மீட்டர் குறைந்தால் 47,500 ரூபாய் மிச்சம். இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும் துணிவு எனக்கு வர ஒரு வாரம் ஆனது. முதலாளி இரண்டே நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். முணுமுணுத்தவர்கள் துணை மேலாளர்கள்தான்.

எங்கள் செலவுப் பட்டியல் இப்படி வந்தது:

ஸ்கூட்டர் பாயிண்ட் 12 (ஒன்று 3,500): 42,000
கார் சார்ஜர் 2 (ஒன்று 20,000): 40,000
கேபிள் 60 மீட்டர்: 27,000
பள்ளம், காங்கிரீட்: 30,000
பகிர்வுப் பெட்டி, துணை மீட்டர், டைமர்: 35,000
எர்த் குழி 2: 18,000
கூரை, விளக்கு, கோடு, தடுப்புக் கம்பி: 40,000
தீயணைப்பான், அறிவிப்புப் பலகை: 12,000
கூட்டுத்தொகை: 2,44,000

சார்ஜர் என்று பெயர் சொல்லக்கூடிய பொருளுக்கு இதில் ஆறில் ஒரு பங்குதான். வரியையும் பிரித்துப் போடவேண்டும். மின்வாகனச் சார்ஜருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கேபிளும் மற்ற வேலைகளும் 18. ஆக, வரி 38,720. எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 3 லட்சத்து 11 ஆயிரம். பாறை நிலம் என்றால் அந்தப் பத்தைப் பதினைந்தாக்குங்கள். கோவையில் தோண்டியவர்களுக்குத் தெரியும்.

அரசு மானியத்தை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு ஒதுக்கிய 2,000 கோடி ரூபாய் பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்கானது. பணியாளருக்கு மட்டுமான தனியார் பார்க்கிங் அந்தக் கணக்கில் வராது.

சென்னை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அடித்தளப் பார்க்கிங்கில் வைப்பதற்கு முன் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று காவலாளியிடம் கேளுங்கள். பெட்டி அந்த அடையாளத்துக்கு மேலே இருக்கட்டும்.

படி 6: மாதச் செலவை யார் கொடுப்பது

நாளுக்கு 46 யூனிட், 25 நாள், 1,150 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் 11,500. இதைக் கேட்டுக் கூட்டத்தில் முகம் சுளித்தவர்களுக்கு எங்கள் தேநீர்ச் செலவைக் காட்டினேன்: 140 பேர், நாளுக்கு இரண்டு, கோப்பை 10 ரூபாய், மாதம் 70,000.

முழுக்க இலவசமாகக் கொடுக்கலாம்தான். ஆனால் பஸ்ஸில் வருபவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்ற கேள்வி இரண்டாம் வாரமே எழும்; அது நியாயமான கேள்வி. செயலி, அட்டை வைத்து ஆளுக்கு ஆள் அளந்து வசூலிக்கலாம். அந்த மென்பொருளுக்கான சந்தா, வசூலாகும் தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். நாங்கள் எடுத்த வழி: ஸ்கூட்டருக்கு மாதம் 200, காருக்கு 1,000 ரூபாய் நிலையான கட்டணம். மீதியை நிறுவனம் ஏற்கிறது. பணியாளரிடம் பணம் வாங்கினால் அதற்கு ஜி.எஸ்.டி. உண்டா என்பதைத் தொடங்கும் முன் உங்கள் தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக்கு ஆண்டுக்கு ஒரு தொகை வையுங்கள். நான் முதலீட்டில் 5 சதவீதம் வைத்தேன். சாக்கெட் தேயும், யாராவது காரைப் பின்னால் எடுக்கும்போது பெட்டியை இடிப்பார்கள்.

படி 7: அந்த ஒரு பக்கம்

மேலே முதலீடு, நடுவில் மாதச் செலவும் வரவும், கீழே "இப்போது செய்யாதவை". இந்தக் கடைசிப் பகுதியை நிர்வாகம் விரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைத்தான் அதிக நேரம் படித்தார்கள். அதில் ஒரே ஒரு வரி மட்டும் "இப்போதே செய்க" என்று இருந்தது: தோண்டும் பள்ளத்தில் இன்னொரு காலிக் குழாயையும், உள்ளே இழுக்க ஒரு கம்பியையும் போட்டு மூடுவது. அடுத்த முறை கேபிள் இழுக்கும்போது காங்கிரீட்டை உடைக்கவேண்டியதில்லை. குழாய்க்கு எங்களுக்கு ஆன கூடுதல் செலவு 6,000 ரூபாய்; எதிர்பாராச் செலவிலிருந்து எடுத்தோம்.

துணை மீட்டரை மாதம் முதல் தேதியில் யார் பார்த்து எழுதுவது என்பதையும் அந்தத் தாளிலேயே பெயரோடு போடுங்கள். எங்கள் முதல் மாத அளவு 1,150 வரவில்லை, 840தான். வீட்டில் வசதி உள்ளவர்கள் பாதிப் பேர் அங்கேயே போட்டுக்கொள்கிறார்கள். ஆறு மாத அளவுகள் சேர்ந்தபின் கட்டணத்தை மறுபடி பார்ப்பதாக இருக்கிறோம்.