கட்டடத்தில் விலங்குருவம் தெரிந்தால் சரிபார்ப்பது எப்படி?

நவீன வழிபாட்டுக் கட்டடம் ஒன்றின் படத்தில் பாம்போ பறவையோ தெரிந்தால், அதைக் கட்டியவர் வேண்டுமென்றே ஒளித்துவைத்தார் என்று முடிவுகட்டுவதற்கு முன், படம் எந்த இடத்தில் நின்று எடுக்கப்பட்டது என்று பாருங்கள். வத்திக்கானில் இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்ட, போப் மக்களைச் சந்திக்கும் ஆறாம் பவுல் அரங்கத்தைப் பாம்பின் முகம் என்று சொல்பவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் அரங்கின் நடுக்கோட்டில் நின்று அகலக்கோண லென்ஸால் எடுக்கப்பட்டவை. கண்களாகத் தோன்றும் நீள்வட்டச் சன்னல்கள் எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் இருப்பவை. பக்கவாட்டு இருக்கை ஒன்றிலிருந்து பார்த்தால் அந்தச் சமச்சீர் கலைந்துவிடும். ஆகவே ஒரே கட்டடத்தின் படங்களை வெவ்வேறு கோணங்களில் தேடி, தரைப்படத்தோடு ஒப்பிடுவதே முதல் வேலை.

அடுத்து, அந்த வடிவம் செய்யும் வேலையைக் கேளுங்கள். ஆறாம் பவுல் அரங்கில் பாம்பின் செதில்களாகத் தெரியும் கூரை மடிப்புகள்தாம், இடையில் தூண் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் அமரும் பரப்பைத் தாங்குகின்றன. மடித்த காகிதம் வளையாமல் நிற்பது போல, மெல்லிய கான்கிரீட்டும் மடிப்பினால் விறைப்புப் பெறுகிறது. இதே உத்தியை நெர்வி 1940களின் இறுதியிலேயே டூரின் நகரின் கண்காட்சிக்கூடத்தில் கையாண்டிருக்கிறார், அதற்குச் சமயத் தொடர்பே கிடையாது. ஒரு வடிவமைப்பாளரின் பிற கட்டடங்களைப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு, படைத்தவரின் சொல்லைத் தேடுங்கள். அதே அரங்கின் மேடையில் 1977இல் நிறுவப்பட்ட பெரிக்கிள் ஃபட்சினியின் வெண்கலச் சிற்பத்திலும் சிலர் பாம்பைக் காண்கிறார்கள். சிற்பியோ, அணுகுண்டு பிளந்த பள்ளத்திலிருந்து கிறிஸ்து எழுவதாகவே அதை விளக்கினார்.

தோற்றமும் நோக்கமும் எவ்வளவு விலகி நிற்கக்கூடும் என்பதற்கு இரண்டு கட்டடங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பிரான்சின் ரோன்ஷாம் சிற்றாலயத்தின் (1955) கூரைக்கு ஒரு நண்டின் ஓடு தூண்டுதலாக இருந்தது என்று அதை வடிவமைத்த லெ கொர்பூசியேவே எழுதியிருக்கிறார்; இரண்டு மெல்லிய கான்கிரீட் தகடுகளுக்கு இடையே வெற்றிடம் விட்ட அந்தக் கூரையைப் பார்ப்பவருக்கு நண்டின் நினைவு எளிதில் வராது. இந்தோனேசியாவின் மகெலாங் அருகே புறா வடிவில் எழுப்பப்பட்ட பிரார்த்தனைக் கூடத்தையோ, தலையிலுள்ள கிரீடத்தால், மக்கள் கோழிக் கோயில் என்றே அழைக்கிறார்கள்.

உருவம் உண்மையிலேயே திட்டமிட்டு வைக்கப்பட்டது என்று உறுதியானாலும், அதன் பொருளை அந்தச் சமயத்தின் நூல்களுக்குள்ளேயே தேட வேண்டும். விவிலியத்தில் ஏதேனில் ஏமாற்றுவதும் பாம்பு. பாலைநிலத்தில் மோசே உயர்த்தி, நோக்கியவர்களைப் பிழைக்கவைத்ததும் வெண்கலப் பாம்பு. யோவான் நற்செய்தியின் 3ஆம் அதிகாரம் கிறிஸ்து உயர்த்தப்படுவதை அந்த வெண்கலப் பாம்புக்கே ஒப்பிடுகிறது.