வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதி அமெரிக்கப் பட்டம்: நான் செய்த முறை

திருச்சியில் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்றது என் படிப்பு. கல்யாணம், நியூஜெர்சி, இரண்டு பிள்ளைகள். சின்னவள் முழுநேரப் பள்ளிக்குப் போன வருஷம் மறுபடி ஆரம்பித்து, இரண்டேகால் வருஷத்தில் பிசினஸ் பட்டம் வாங்கிவிட்டேன். 120 கிரெடிட்டில் ஊர்ப் படிப்புக்கு 27 கிடைத்தது. மீதியில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதிய தேர்வுகள். எப்படி என்று கேட்கிறவர்களுக்கு ஃபோனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். கிரெடிட் என்பது முடித்த ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி கணக்கில் ஏற்றும் அலகு. அதற்கு மேல் விளக்கப்போவதில்லை.

முதலில் கல்லூரி, அப்புறம் தேர்வு

கிளெப் என்பது காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் தேர்வு, பாஸானால் வகுப்புக்குப் போகாமலே கிரெடிட். 1967இல் தொடங்கியது, மொத்தம் 34 பாடங்கள். 20 முதல் 80 வரை மதிப்பெண். பெரும்பாலான கல்லூரிகளில் 50 எடுத்தால் பாஸ், பெரும்பாலும் 3 கிரெடிட். ஆனால் பட்டத்தை கிளெப் தராது, கல்லூரிதான் தரும். நிறைய கல்லூரிகள் இதை ஏற்றாலும் இத்தனை கிரெடிட்தான் என்று வரம்பு வைத்திருக்கும். தாராளமாக ஏற்பதில் பேர்போனவை மூன்று: ஆல்பனியில் எக்செல்சியர், டிரென்டனில் தாமஸ் எடிசன், கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக். மூன்றுமே 1971-73இல், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. மூன்றுக்கும் முறையான அங்கீகாரம் உண்டு. இவற்றில் ஒன்றில்தான் படித்தேன். எது என்பது வேண்டாம், ஏனென்றால் கீழே கொஞ்சம் புலம்பப்போகிறேன்.

120 கிரெடிட் என்றதும் அதை ஒரு சாக்கு என்று நினைத்துவிட்டேன், எதைப் போட்டாலும் நிறையும் என்று. அது அஞ்சறைப் பெட்டி, ஒவ்வொரு வகைப் பாடத்துக்கும் தனிக் கிண்ணம். கடுகுக் கிண்ணம் நிறைந்த பிறகு இன்னும் ஒரு கிலோ கடுகு வாங்கி வந்தால் எங்கே கொட்டுவது? நான் அதைத்தான் செய்தேன். உளவியல், சமூகவியல், மனித வளர்ச்சி, கல்வி உளவியல் என்று எளிதாகத் தோன்றியதையெல்லாம் அடுத்தடுத்து எழுதித் தள்ளினேன். நாலும் பாஸ். பிறகுதான் கல்லூரியில் சேர்ந்தேன். மதிப்பீடு வந்தது, சமூக அறிவியலில் இரண்டுக்குத்தான் இடம். மற்ற இரண்டும் விருப்பப் பாடக் கிண்ணத்துக்குப் போகட்டும் என்றால், ஊரில் எழுதிய பொதுத்தமிழ்த் தாள்கள் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தன. ஆறு கிரெடிட் வீண். ஆலோசகருக்கு நாலு மின்னஞ்சல் போட்டும் மதிப்பீட்டு அறிக்கையின் அதே பத்தியைத்தான் ஒட்டி அனுப்பினார்கள்.

இன்னொரு கிண்ணம் மேல்நிலைப் பாடங்கள், அதாவது 300, 400 எண் போட்டவை. பட்டத்துக்கு இவை கட்டாயம். கிளெப் பாடங்களோ ஏறக்குறைய எல்லாமே முதல் இரண்டு வருஷத் தரம். இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். கிளெப் போலவே கிரெடிட் தரும் இன்னொரு வரிசையான டி.எஸ்.எஸ்.டி. தேர்வுகளில் சில மேல்நிலையாக எண்ணப்படும். தாமஸ் எடிசன் தானே நடத்தும் டெசெப் தேர்வுகளிலும் மேல்நிலைப் பாடங்கள் உண்டு. இவற்றாலும் நிரம்பாததற்கு ஆன்லைன் பாடம் எடுக்க வேண்டிவரும். கேப்ஸ்டோன் எனப்படும் கடைசிப் பாடத்தை எப்படியும் கல்லூரியிலேயே படித்தாக வேண்டும், அதற்குத் தேர்வு கிடையாது.

ஆகவே பணம் கட்டுமுன் கல்லூரித் தளத்தில் உங்கள் பட்டத்தின் பாடப்பட்டியலை எடுத்து அச்சடியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தத் தேர்வு என்று பென்சிலால் எழுதுங்கள். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, எக்செல் அட்டவணை அனுப்பிய தோழியும் உண்டு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்தான் எனக்கு உதவியது.

இரண்டாவது, பெயர்

சிரிக்காதீர்கள். நம் ஆட்கள் பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அதனால் விசாவில் என் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று வந்துவிட்டது. முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். லைசென்ஸிலும் அதே. காலேஜ் போர்டு கணக்கு திறக்கும்போது இது அசிங்கமாக இருக்கிறதே என்று என் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்து அழகாகப் போட்டேன்.

தேர்வு மையத்தில் இருந்த அம்மாள் நுழைவுச் சீட்டையும் லைசென்ஸையும் பக்கத்தில் வைத்து, பேனா மூடியால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே வந்தார். மூடி என் அப்பா பெயரில் நின்றது. தலையைத் தூக்காமலே, "இந்தச் சீட்டு உங்களுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் இனிஷியலைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசை நீண்டது. வீட்டுக்குத் திரும்பினேன்.

அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ, அசிங்கமாக இருந்தாலும் அப்படியே போடுங்கள். கல்லூரி விண்ணப்பத்திலும் அதேதான். மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தால் மதிப்பெண் வந்து சேராமல் அந்தரத்தில் நிற்கும்.

கட்டணமும் படிப்பும்

கிளெப் கட்டணம் 100 டாலருக்குள். மையத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அது இடத்துக்கு இடம் மாறும். மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தில் இலவசமாகப் படித்து, பயிற்சி வினாக்களை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் தருகிறார்கள். ஏமாற்று வேலையோ என்று நானும் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன், இல்லை. வவுச்சர் எண் கையில் வந்த பிறகு பதிவு செய்யுங்கள்.

ஆனால் அந்த வீடியோக்கள் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். பேரியல், நுண்ணியல் பொருளாதாரத்துக்கு கான் அகாடமி பிரமாதம், வேறெதுவும் தேவையில்லை. மாதிரித் தேர்வுகள் இங்கே எங்கள் பகுதி நூலகக் கார்டிலேயே இலவசமாகக் கிடைத்தன. காசு கொடுத்து வாங்குமுன் உங்கள் நூலகத்தில் கேளுங்கள். சமூக ஊடகக் குழுக்களில் விற்கும் "உண்மையான கேள்விகள்" பக்கம் போகவே போகாதீர்கள்.

கணக்கியலில் எனக்கு 47. ஆமாம், பி.காம். படித்த எனக்கு! பற்று வரவெல்லாம் கைப்பழக்கம் என்று புத்தகத்தைத் திறக்காமல் போனேன். ஊரில் நாங்கள் போட்ட இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் இடப்பக்கம், சொத்துகள் வலப்பக்கம், இங்கே தலைகீழ். சரக்கு மதிப்பில், கடைசியாக வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் லைஃபோ முறையை இந்தியக் கணக்கியல் தரநிலை ஏற்பதில்லை, அமெரிக்காவில் ஏற்கிறார்கள். கேள்வி வந்தபோது திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றால் அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் எழுத முடியும். அடுத்த முறை 58.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலான தாள்களுக்கு ஒன்றரை மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். கால்குலேட்டர் தேவைப்படும் தாளில் அது திரையிலேயே இருக்கும், உங்களுடையதைக் கொண்டுபோக முடியாது. கட்டுரை இல்லாத தாள்களுக்கு மதிப்பெண் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு சேர்த்தவை

ஊரில் பாதியில் விட்ட படிப்பு செல்லுமா என்று பலர் கேட்டார்கள். செல்லும், ஆனால் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுச் சொல்லும், கல்லூரி ஏற்கும் நிறுவனம் வழியாகப் போக வேண்டும். பாடவாரி அறிக்கை கேளுங்கள். பொது அறிக்கை மலிவு என்று நான் அதை முதலில் வாங்கி, மறுபடி பணம் கட்டினேன்.

தமிழுக்குக் கிரெடிட் உண்டா என்று கேட்டவருக்கு: கிளெப்பில் தமிழ் இல்லை, ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டுமே. மொழித்திறனைச் சோதிக்கும் ஆக்ட்ஃபில் அமைப்பின் வாய்மொழித் தேர்வைத் தமிழில் எழுதலாம், அல்ல, பேசலாம். உங்கள் கல்லூரி அதற்கு எத்தனை கிரெடிட் தரும், எந்தக் கிண்ணத்தில் போடும் என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் மேற்படிப்போ அரசு வேலையோ நோக்கம் என்றால் இணைத்தகுதிக்கு, அதாவது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்றுக்கு, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த வழியில் நான் போனதில்லை.

இன்னொன்று: 120 நிறைந்ததும் பட்டம் தானாகத் தபாலில் வராது. பட்டமளிப்புக்கென்று தனி விண்ணப்பம், அதற்குக் கடைசித் தேதி உண்டு. நான் அதை மூன்று நாளில் தவறவிட்டு, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன். விண்ணப்பத்தில் சான்றிதழில் அச்சாக வேண்டிய பெயரைக் கேட்டிருந்தார்கள். அங்கே மட்டும் எஃப்.என்.யூ. போடவில்லை.