முதலில் பட்டனின் முதுகைப் பாருங்கள்

மெட்டல் டிடெக்டர் கத்துகிறது, நாணயம்தான் என்று ஆசையாகத் தோண்டினால் களிம்பு ஏறிப்போன ஒரு பழைய சீருடைப் பட்டன். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துவிடுகிறார்கள். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் ஒரு தேய். அதுவரை மண்ணுக்குள் தப்பிப் பிழைத்திருந்த பொன்முலாம் அந்த ஒரு தேய்ப்பில் போய்விடும். மண்ணோடு அப்படியே ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பித்தளை என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, பல் குத்தும் குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள். வினிகர், எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் அது பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை; ஓரம் மாவாக உதிரும், அதற்குத் தண்ணீரும் வேண்டாம், காயவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

அப்புறம் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பட்டனுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கவைத்த மாதிரி பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் வட்டமாகத் தெரிந்ததில் எண்ணும் எழுத்தும் நிழலோடு எழுந்து வரும்.

முன்பக்கம் யாருடையது என்று சொல்லும், எந்தக் காலம் என்று பின்பக்கம்தான் சொல்லும். அதனால் நான் எப்போதும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஒரே வார்ப்பாகத் தட்டையாக இருக்கிறதா, பின்னால் தைக்கும் வளையம் இருக்கிறதா? பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு, அல்லது 19இன் தொடக்கம். முன்தகடும் பின்தகடும் தனித்தனியாகச் செய்து, விளிம்பை மடித்து அழுத்திய உள்கூடு பட்டன் என்றால் அதற்குப் பிந்தியது. பெஞ்சமின் சாண்டர்ஸ் இந்த முறைக்கு 1813இல் காப்புரிமை வாங்கினார். இலேசாக, பளபளவென்று, துளிக்கூடக் களிம்பில்லாமல் வந்தால் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், 1950களுக்குப் பிறகு வந்த அலுமினியப் பட்டனாக இருக்கலாம்.

பின்னால் எழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'டிரெபிள் கில்ட்', 'பிளேட்டட்' என்றிருந்தால் அது முலாமின் தரம், படைப்பிரிவின் பெயர் இல்லை. தயாரித்த கம்பெனியின் பெயரும் இருக்கலாம்: ஃபெர்மின் என்றால் லண்டன். ஹாமண்ட் டர்னர், ஜென்னன்ஸ், காண்ட் என்றால் பிரிட்டிஷ் தயாரிப்பு. ஸ்கோவில், வாட்டர்பரி என்றால் அமெரிக்கா. ஒரே கம்பெனி காலப்போக்கில் பெயரை மாற்றிக்கொண்டே வந்திருக்கும், அதுதான் நமக்கு வசதி. 'ஸ்கோவில் மேனுஃபாக்சரிங் கம்பெனி' என்று இருந்தால் அந்தப் பட்டன் 1850க்கு முந்தியதாக இருக்க முடியாது.

சரி, இனி முன்பக்கம். பிரிட்டிஷ் பட்டனில் வெறும் எண் இருந்தால் அது காலாட்படை ரெஜிமென்ட் எண், அதாவது படைப்பிரிவின் எண். 1767இல்தான் எண் போட உத்தரவு வந்தது. பியூட்டரில் எண் என்றால் சாதாரணச் சிப்பாயுடையது, 1855க்குப் பிறகு அவர்களுக்கும் பித்தளை. 1871இல் சிப்பாய்களின் எண் பட்டனை எடுத்துவிட்டு, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் உள்ள பொதுப் பட்டனைக் கொடுத்தார்கள். இது மலிந்து கிடக்கும், இதை வைத்து எந்த ரெஜிமென்ட் என்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1881இல் எண்களே போய் மாவட்டப் பெயர்கள் வந்தன.

கிரீடம் இருந்தால் அதன் மேல் வளைவைப் பாருங்கள். குடைபோல உருண்டு நின்றால் 1901 முதல் 1952 வரை இருந்த அரசர்கள் காலம் என்று கிட்டத்தட்ட நம்பலாம். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் விக்டோரியாவோ இரண்டாம் எலிசபெத்தோ. இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி, தீர்த்துவைக்க மறுபடி முதுகுக்குத்தான் போக வேண்டும். கடற்படைப் பட்டனில் நங்கூரத்தின் தலையில் கிரீடம் ஏறியது 1812இல்.

அமெரிக்க ராணுவப் பட்டனில் உள்ள கழுகின் மார்பில் கேடயம் இருக்கும், அதற்குள் 'ஐ' காலாட்படை, 'சி' குதிரைப்படை, 'ஏ' பீரங்கிப்படை. எழுத்தில்லாத வெறும் கேடயம் 1854 முதல் சிப்பாய்களுக்குப் பொதுவானது. 1902இல் நாட்டின் முத்திரைக் கழுகு வந்தது, அந்த வடிவம் இன்றும் ஓடுகிறது.

ஏமாற்றுகிறவை நிறைய உண்டு. எனக்கு ஒருமுறை அழகான மான் தலைப் பட்டன் கிடைத்தது. எந்த ரெஜிமென்ட் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் லென்ஸில் பார்த்தால் மானின் கழுத்துக்குக் கீழே முறுக்கிய கயிறு மாதிரி ஒரு பட்டை. அந்தப் பட்டை குடும்பச் சின்னத்தின் அடையாளம். ஏதோ பிரபுவின் வண்டிக்காரன் போட்ட சீருடைப் பட்டன்! ரயில்வே, போலீஸ், தீயணைப்புப் பட்டன்களும் இப்படித்தான் மிடுக்காக இருக்கும். நான்கு ஓட்டையும் சுற்றி 'பெஸ்ட் ரிங் எட்ஜ்' என்றும் இருந்தால் அது கால்சட்டைப் பட்டன், அவ்வளவுதான்.

அளவையும் குறித்துவையுங்கள். கோட்டின் முன்பட்டன் சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர், கைமுனைப் பட்டன் 15ஐ ஒட்டி இருக்கும். எடுத்த இடத்தையும் எழுதுங்கள், நில உரிமையாளரின் அனுமதியோடு தோண்டியிருந்தால் எழுதத் தயக்கம் இருக்காது. ஒரே குழியில் நாலைந்து பட்டன் வரிசையாக வந்து, பக்கத்தில் எலும்பும் தெரிந்தால் அது போட்டிருந்த கோட்டோடு புதைந்த ஆளாக இருக்கலாம். கையை எடுத்துவிட்டு, எதையும் நகர்த்தாமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.